முதலில் கேபினெட், அப்புறம் வாட்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. இரண்டு கிட்டார், டிரம்ஸ், ஒரு பாடகர், பேஸ் கிட்டாருக்கு நீ என்று படித்ததும் சிரிப்புதான் வந்தது. ஆறு கம்பியில் ஓடி விளையாடிக்கொண்டிருந்தவனை நாலு கம்பிக்குள் பிடித்துப் போட்டுவிட்டார்களே! இங்கே எல்லாரும் நலம். நான் இப்போதெல்லாம் வாசிப்பதைவிடப் பிறர் பெட்டிகளைத் திறந்து பார்ப்பதுதான் அதிகம்.

நீ வாங்கப்போகும் சாமான் பட்டியலைப் பார்த்தேன். 800 வாட் ஹெட்டுக்கு (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப்) முதலிடம், பேஸ் கிட்டாருக்கு இரண்டாவது, கேபினெட்டுக்கு, அதாவது ஸ்பீக்கர் பெட்டிக்கு, ‘மீதிப் பணத்தில் ஏதாவது ஒன்று’. இதை அப்படியே தலைகீழாகப் போடு.

வாட்டை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது வெறும் 3 டெசிபல் (சத்தத்தின் அளவு). 400-லிருந்து 800-க்குப் போனாலும் காதுக்கு ‘ஏதோ கொஞ்சம் கூடியிருக்கிறது’ என்றுதான் படும். இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றச் சுமார் 10 டெசிபல் வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட் ஆகும். அதே ஹெட்டில் ஒரு பெட்டியோடு அதே மாதிரி இன்னொரு பெட்டியை ஒட்டி வைத்துப் பார், கீழ்ச்சுரங்களில் 6 டெசிபல் வரை ஏறும். பெட்டியின் சென்சிட்டிவிட்டி (ஒரே வாட்டுக்கு அது தரும் சத்தம்) 97-க்குப் பதில் 100 டெசிபலாக இருந்தால், அது ஆம்பை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். ஆனால் அந்த எண்ணைப் பல சமயம் நடு அதிர்வெண்ணில்தான் அளந்திருப்பார்கள். 60 ஹெர்ட்ஸில் அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்பதை அது சொல்லாது.

பேஸின் கஷ்டமே அங்கேதான். உன் திறந்த ஈ கம்பி 41.2 ஹெர்ட்ஸ். மூடிய பெட்டியில் ஒரு ஆக்டேவ் (பாதி அதிர்வெண்) கீழே இறங்கி அதே சத்தம் தர வேண்டுமென்றால் கோன் (ஸ்பீக்கரின் அதிரும் கூம்பு) நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். போர்ட் (காற்றுத் துவாரம்) வைத்த பெட்டியில் அதன் ட்யூனிங் அதிர்வெண்ணுக்குக் கீழே போனால் கோனுக்குப் பின்னால் பிடிமானமே இருக்காது, சும்மா துள்ளும். பெட்டியில் எழுதியிருக்கும் 300 வாட் என்பது பெரும்பாலும் வாய்ஸ் காயில் (கோனை அசைக்கும் கம்பிச் சுருள்) கருகாமல் தாங்கும் சூட்டின் கணக்கு. ஹெட்டில் கீழ்ச்சுரத்தைக் கூட்டும் பேஸ் குமிழியை முழுக்கத் திருப்பினால் அதில் பாதி வாட்டிலேயே கோன் எல்லையைத் தொட்டு ‘பர்ர்’ என்று முனக ஆரம்பித்துவிடும். அந்தச் சத்தம் வந்தால் வால்யூமைக் குறைப்பதற்கு முன் பேஸ் குமிழியைக் குறை. ஹெட்டில் ஹை பாஸ் ஃபில்டர் (குறித்த அதிர்வெண்ணுக்குக் கீழே உள்ளதை வெட்டுவது) இருந்தால் 35 முதல் 40 ஹெர்ட்ஸில் வை. இல்லையென்றால் தனிப் பெடலாக வாங்கலாம். அந்தப் பட்டியலில் இருக்கும் மூன்று எஃபெக்ட் பெடல்களையும்விட அது உனக்கு உபயோகம். அந்த அதிர்வெண்ணுக்குக் கீழே கேட்கத்தக்க இசை அதிகமில்லை, ஆனால் கோனை அசைக்கும் வேலையில் பெரும்பங்கு அங்கேதான் செலவாகிறது.

எதை வாங்குவது? என் ஓட்டு, ஒரே மாதிரியான ஒற்றை 12 இன்ச் கேபினெட் இரண்டு, ஒவ்வொன்றும் 8 ஓம் (மின்தடையின் அளவு). சின்ன இடத்துக்கு ஒன்று, பெரிய மேடைக்கு இரண்டு. நியோடிமியம் காந்தம் போட்டதென்றால் ஒரு கையால் தூக்கிவிடலாம், செராமிக் காந்தம் போட்டது முதுகை வாங்கும். எட்டு 10 இன்ச் ஸ்பீக்கர் உள்ள அந்தப் பெரிய அலமாரி மீது உனக்கு ஒரு கண் இருப்பது தெரியும். சத்தம் அருமைதான், மறுக்கவில்லை. ஆனால் 60 கிலோவுக்கு மேல். உன் குழுவில் அதைத் தூக்க யார் வருவார்கள் என்று முதலில் கேட்டுவிட்டுச் சொல்.

15 இன்ச்சையும் 10 இன்ச்களையும் கலந்து அடுக்கும் பழைய வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. நாலு 10 இன்ச் உள்ள 8 ஓம் பெட்டியும் ஒரு 15 இன்ச் உள்ள 8 ஓம் பெட்டியும் ஆம்பிலிருந்து சரிபாதி வாங்கிக்கொள்ளும். ஆக, ஒரு பாதியை நாலு ஸ்பீக்கர் பகிர்ந்துகொள்ள, மறு பாதி முழுவதும் அந்த ஒற்றை 15-இன் தலையில். முதலில் மூச்சு வாங்குவது அதுதான். தவிர, இரண்டு வேறு வடிவமைப்புப் பெட்டிகளுக்கும் ஃபேஸ் (அலைகளின் ஏற்ற இறக்கம்) ஒத்துப்போகாத இடங்களில் சத்தம் கூடுவதற்குப் பதில் ஒன்றை ஒன்று தின்றுவிடும்.

ஓம் கணக்கு சுலபம், ஆனால் இதில்தான் ஹெட்டுகள் சாகின்றன. ஹெட்டின் பின்னால் உள்ள இரண்டு ஸ்பீக்கர் அவுட்டும் பேரலல், அதாவது பக்க இணைப்பு. 8-உம் 8-உம் சேர்ந்தால் 4. 8-உம் 4-உம் சேர்ந்தால் 2.67, குறைந்தபட்சம் 4 ஓம் என்று எழுதிய ஹெட் இதில் சூடாகும், நல்ல பாதுகாப்புச் சுற்று இருந்தால் அணைந்துபோகும், இல்லையென்றால் எரியும். 4 ஓமில் 500 வாட் தரும் ஹெட் 8 ஓமில் ஏறத்தாழ 250 முதல் 300 தரும். ஒற்றைப் பெட்டியோடு போகிற நாளில் ‘பாதி போச்சே’ என்று வருந்தாதே, அது அதே 3 டெசிபல் விவகாரம்தான். இரண்டு கிலோ, மூன்று கிலோ எடையில் வரும் கிளாஸ் டி ஹெட் ஒன்று உனக்குப் போதும். வால்வ் ஹெட் யாராவது கொடுத்தால் ஒன்றை மட்டும் மறக்காதே: ஸ்பீக்கர் இணைக்காமல் அதை வாசிக்கக் கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

ஹெட்டுக்கும் பெட்டிக்கும் நடுவே போக வேண்டியது ஸ்பீக்கர் கேபிள். கிட்டார் கேபிளும் அதே ஜாக்தானே என்று சொருகுகிறவர்கள் உண்டு. அதன் உள்கம்பி தலைமுடி மாதிரி மெல்லிசு, சுற்றி ஷீல்டு. இந்த மின்னோட்டத்தில் அது சூடேறும், உள்ளே உருகி ஷார்ட் ஆனால் ஆம்பின் அவுட்புட் பகுதியையும் இழுத்துக்கொண்டு போகும். ஸ்பீக்கான் (பூட்டிக்கொள்ளும் ஸ்பீக்கர் இணைப்பி) உள்ள பெட்டியாகப் பார்த்து வாங்கு. சொருகி வலப்பக்கம் திருப்பினால் ‘டக்’ என்று பூட்டிக்கொள்ளும். அந்த ‘டக்’ கேட்காவிட்டால் பூட்டவில்லை, நடுப்பாட்டில் கழன்றுகொள்ளும்.

பழைய பெட்டி வாங்குவதாக எழுதியிருந்தாயே, கையோடு ஒரு மல்டிமீட்டரும் 9 வோல்ட் பேட்டரியும் கொண்டுபோ. 8 ஓம் பெட்டியில் மீட்டர் சுமார் 5.5 முதல் 7 வரை காட்டினால் சரி. மீட்டர் அளப்பது டி.சி. மின்தடையை, பெட்டியில் எழுதியிருப்பது இம்பீடன்ஸ் (ஒலி ஓடும்போதுள்ள தடை), அதனால்தான் குறைவாக வரும். 3-உம் சொச்சமும் காட்டினால் அது 4 ஓம் பெட்டி, விற்கிறவர் என்ன சொன்னாலும் சரி. எதுவுமே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது. அடுத்து, முன்வலையைக் கழற்றச் சொல்லி, இரண்டு கை விரல்களையும் கோனின் இரு பக்கமும் சமமாக வைத்து மெதுவாக உள்ளே அழுத்து. வழுவழுப்பாகப் போய்வர வேண்டும். மணல் தேய்கிற மாதிரி ஒரு சின்ன உரசல் விரலில் தெரிந்தால் காயில் கோணலாகிவிட்டது, பேரம் பேசாமல் வந்துவிடு. பேட்டரியை ஸ்பீக்கர் கேபிளின் நுனியில் ஒரு கணம், ஒரு கணம்தான், தொட்டு எடு. பிளஸ்ஸுக்குப் பிளஸ் தொட்டால் கோன் வெளியே துள்ள வேண்டும், இரண்டு பெட்டியிலும் ஒரே திசையில். ஒன்று உள்ளேயும் ஒன்று வெளியேயும் போனால் யாரோ ஒயரை மாற்றிப் பற்றவைத்திருக்கிறார்கள். அந்த நிலையில் இரண்டு பெட்டி வைத்தால் ஒரு பெட்டியைவிட பேஸ் குறைவாகத்தான் வரும்.

மேடையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதே, ஒன்றன்மேல் ஒன்று வை. மேல் பெட்டி காது உயரத்துக்கு அருகில் வந்தால் நீ வாசிப்பது உனக்கே தெளிவாகக் கேட்கும். முழங்காலுக்கு வாசித்துக்கொண்டே ‘கேட்கவில்லை’ என்று வால்யூமை ஏற்றுவதுதான் பாதிச் சண்டைக்குக் காரணம். பின்சுவரை விட்டு எவ்வளவு தூரம் என்பதும் முக்கியம். கோனிலிருந்து சுவர் 1 மீட்டர் என்றால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 86 ஹெர்ட்ஸ் அருகே எதிர்ப்பாடு பாடி அந்தச் சுரத்தை விழுங்கிவிடும். டி கம்பியின் மூன்றாம் ஃப்ரெட் எஃப் 87.3 ஹெர்ட்ஸ், அந்த ஒரு சுரம் மட்டும் காணாமல் போகிறதே என்று ஆம்பைத் திட்டிக்கொண்டிருப்பாய். பெட்டியைச் சுவரோடு ஒட்டித் தள்ளினால் கோனுக்கும் சுவருக்கும் 40 சென்டிமீட்டர்தான், குழி 214 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும், கீழ்ச்சுரங்களும் பலப்படும். அளவுக்கு மேல் பலப்பட்டால் குமிழியில் குறைத்துக்கொள்ளலாம். குழியை எந்தக் குமிழியாலும் நிரப்ப முடியாது. மேடைப் பலகை அடியில் வெற்றாக இருந்து அதிர்ந்தால் பெட்டிக்கு அடியில் தடித்த நுரை ஒன்று போடு.

பேஸ் கிட்டாருக்கு வருகிறேன். 1951-இல் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த பிரிசிஷன், 1960-இல் வந்த ஜாஸ் பேஸ், இன்றைக்கும் பெரும்பாலான பேஸ்கள் இந்த இரண்டின் பிள்ளைகள்தான். இரண்டு கிட்டாருக்கு நடுவே நிற்கப்போகும் உனக்குப் பிரிசிஷன் வகை. அதன் இரண்டாய்ப் பிளந்த பிக்கப் (கம்பி அதிர்வை மின்சிக்னலாக்கும் காந்தச் சுருள்) இரைச்சல் பிடிக்காது, நடுச்சுரம் கூட்டத்தில் தொலையாது. ஜாஸின் கழுத்து மெலிசு, நட் (தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் பட்டை) 38 மில்லிமீட்டர்தான். கிட்டார் பழகிய கைக்கு அது இதமாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதன் ஒரு பிக்கப்பைக் குறைத்தால் ‘ஹம்’ கிளம்பும், மேடை விளக்குகளுக்கு நடுவே ரொம்பவே. ஐந்து கம்பி இப்போதைக்கு வேண்டாம். பி கம்பி 30.9 ஹெர்ட்ஸ், அதற்கு ஈடுகொடுக்கும் பெட்டி தனிச் செலவு. ஆக்டிவ் பேஸ்தான் (உள்ளே பேட்டரியில் ஓடும் சுற்று உள்ளது) வேண்டுமென்றால் பேட்டரி செத்தாலும் வாசிக்கும்படி பாஸிவ் சுவிட்ச் உள்ளதாகப் பார். கேபிள் சொருகியிருக்கும்வரை பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும், வாசித்து முடித்ததும் பிடுங்கிவிடு. கடையில் ஸ்ட்ராப் மாட்டி, கையை விட்டுப் பார். தலை தரையை நோக்கிச் சரிந்தால் இரண்டு மணி நேரக் கச்சேரியில் இடக்கை வாசிக்காது, தாங்கிக்கொண்டிருக்கும்.

கம்பித் தடிமன் 45, 65, 85, 105 (ஆயிரத்தில் ஒரு இன்ச் கணக்கில்). கழுத்தின் வளைவைப் பார்க்க, முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்தும் கவ்வி), கழுத்து உடலோடு சேரும் ஃப்ரெட்டில் விரல். ஏழாம் எட்டாம் ஃப்ரெட் பக்கம் கம்பிக்குக் கீழே 0.25 முதல் 0.35 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். கூடுதலாக இருந்தால் ட்ரஸ் ராடை (கழுத்துக்குள் உள்ள இரும்புத் தண்டு) கால் சுற்று இறுக்கு, மறுபடி ட்யூன் செய்து, மறுபடி அளந்து பார். பிறகு பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் ஈ கம்பி 2.5, ஜி கம்பி 2 மில்லிமீட்டர் உயரம். வரிசை மாறினால் செய்த வேலை வீண். கடைசியில் இன்டோனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக நிற்பது): பன்னிரண்டாம் ஃப்ரெட்டை அழுத்தி வரும் சுரம் ஹார்மோனிக்கைவிட ஏறியிருந்தால் சாடிலை (பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டு) பின்னுக்குத் தள்ளு.

ஈக்யூவை, அதாவது பேஸ், நடு, ட்ரெபிள் குமிழிகளை, எல்லாம் நடுவில் வைத்துத் தொடங்கு. தனியாக வாசிக்கும்போது பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றி நடுவைக் குழித்தால் பிரமாதமாகத் தோன்றும். குழுவோடு சேர்ந்ததும் ஆளே காணோம். 250 ஹெர்ட்ஸில் கொஞ்சம் குறைத்தால் சேறு தெளியும். 800 பக்கம் கொஞ்சம் ஏற்றினால் விரல் தெரியும். மிக்ஸருக்கு நேரடியாகச் சிக்னல் அனுப்பும் டி.ஐ.யை ‘ப்ரீ’யில் (ஈக்யூவுக்கு முன்) விடு, இல்லையென்றால் நீ மேடையில் குமிழியைத் திருகும்போதெல்லாம் சவுண்ட் இன்ஜினியரின் மிக்ஸ் சாயும். ‘ஹம்’ வந்தால் டி.ஐ.யில் கிரவுண்ட் லிஃப்ட் (சிக்னல் கேபிளின் எர்த் தொடர்பை மட்டும் துண்டிக்கும் சுவிட்ச்) அழுத்து. மின்பிளக்கின் எர்த் முனையைக் கழற்றச் சொல்லி யோசனை தருகிற புத்திசாலி எல்லா மேடையிலும் ஒருவன் இருப்பான். அவன் பேச்சைக் கேட்காதே, மைக்கைத் தொடும்போது உயிருக்கு ஆபத்து.

பையில் கூடுதலாக ஒரு கிட்டார் கேபிள், ஒரு ஸ்பீக்கர் கேபிள், 9 வோல்ட் பேட்டரி இரண்டு, ஒரு செட் கம்பி, ஹெட்டுக்குச் சரியான ஃபியூஸ் இரண்டு, காதடைப்பான்.

நீ பார்த்துவைத்திருக்கும் ஹெட்டின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு, ஓம் எழுதியிருக்கும் இடம் தெளிவாகத் தெரியட்டும். உன் காரின் டிக்கி அகலத்தையும் அளந்து எழுது. அது தெரிந்தபிறகு பெட்டி எது என்று சொல்கிறேன்.

அன்புடன்,
முரளி