நீ வரைந்த டோர்சோ

அன்பு மகள் கயலுக்கு,

வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய பெல்வெடேர் டோர்சோ படத்தை, அதாவது தலையும் கைகளும் இல்லாத அந்தப் பழைய பளிங்குச் சிலையை நீ வரைந்ததை, பெரிதாக்கிப் பார்த்தேன். வெளிக்கோடு நன்றாக வந்திருக்கிறது. வயிறுதான் பலகை மாதிரி கிடக்கிறது. நிழல் கோடுகளை எல்லா இடத்திலும் ஒரே சாய்வில் இழுத்திருக்கிறாய், அதனால்தான். சிஸ்டைன் தேவாலயக் கூரையிலுள்ள லிபிய சிபில் என்ற பெண் உருவத்துக்காக மைக்கேலாஞ்சலோ சிவப்புச் சாக் கட்டியால் வரைந்த தாள் நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் இருக்கிறது. அதில் முதுகை மட்டும் பார். அது ஆளை உட்காரவைத்து வரைந்தது, சிலையைப் பார்த்து அல்ல. ஆனால் உனக்கு வேண்டிய பாடம் அதில்தான் இருக்கிறது. தசை வளைகிற பக்கமே கோடும் வளையும். குழிவில் கோடுகள் நெருங்கும், மேட்டில் வெறும் தாள்தான்.

மறுபடி தொடங்கும்போது முதலில் டியூப்லைட்டை அணை. ஜன்னல் வெளிச்சமும் அதுவும் சேர்ந்து இரட்டை நிழல் விழுந்திருக்கிறது. இத்தாலியச் சிற்பி பந்தினெல்லியின் பட்டறையைக் காட்டும் 1531 செதுக்குப்படத்தில், எல்லோரும் ஒரே மெழுகுவர்த்தியைச் சுற்றி உட்கார்ந்து சின்னச் சிலைகளை வரைகிறார்கள். நீயும் ஒரே விளக்கைத் தோளுக்கு மேலே, ஒரு பக்கமாக வை.

பிறகு மழுங்கிய ஊசியால் தாளில் லேசாகக் கீறு: கழுத்துக்குழியிலிருந்து தொப்புள் வழியாக இறங்கும் வளைவு, தோள்கோடு, இடுப்புக்கோடு. தோள்கோடும் இடுப்புக்கோடும் இணையாகப் போனால் உடலின் முறுக்கு போய்விட்டது என்று அர்த்தம். அங்கேயே திருத்து. சிவப்புச் சாக் விழுந்த பிறகு திருத்த முடியாது. பிசையும் ரப்பர் கொஞ்சம் எடுக்கும், கறை தங்கிவிடும். விரலால் தேய்க்காதே. கைக்கு அடியில் வேறு தாள் போட்டுக்கொள்.

வெள்ளிக் கம்பி முனையால் வரையும் வெள்ளிமுனை பற்றிக் கேட்டிருந்தாய். வெறும் தாளில் அது சரியாகப் பதியாது. எலும்புச் சாம்பலைப் பசையில் கரைத்து மெல்லிய பூச்சாக, ஒன்று காய்ந்தபின் அடுத்தது என்று பூச வேண்டும். பசை கூடினால் முனை வழுக்கும், குறைந்தால் பூச்சு பொடியாக உதிரும்.

பழைய தாள்களைப் பார்த்து வரையும்போது ஒரு எச்சரிக்கை. மேட்டில் கறுப்புத் திட்டு தெரிந்தால் நிழல் என்று நினைக்காதே. அது வெளிச்சத்தைக் காட்ட வைத்த ஈய வெள்ளை நிறம். காற்றிலுள்ள கந்தகம் பட்டுக் கறுத்தது.

பாம்புகளோடு போராடும் லாவோக்கூன் சிலையைப் பார்த்து வரைந்த பழைய படங்களுக்குக் காலம் கணிக்க, சிலையின் வலக்கையைப் பார்ப்பது நல்ல வழி. 1506இல் கிடைத்தபோது அந்தக் கை இல்லை. 1530களின் தொடக்கத்தில் சிற்பி மோந்தோர்சோலி நீட்டிய கை ஒன்றை வைத்தார். அதற்காக, கை நீண்டிருக்கிற படமெல்லாம் அதற்குப் பிந்தியது என்று எழுதிவிடாதே. பந்தினெல்லி 1520களிலேயே முழுக்கையோடு ஒரு பளிங்கு நகல் செய்துவிட்டார். படம் அதைப் பார்த்து வரைந்ததாகவும் இருக்கலாம். இப்போது வாட்டிகனில் இருக்கும் மடங்கிய கை 20ஆம் நூற்றாண்டில்தான் கிடைத்தது.

அடுத்து முதுகுப் பக்கத்தை வரைந்து அனுப்பு. போனைத் தாளுக்கு நேராகப் பிடித்து எடும்மா, இந்தப் படம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது.

அன்புடன்,
அப்பா