வாய்க்கால் கரைச் சுண்டை

அன்புள்ள கணேசனுக்கு,

உன் கடிதமும் செய்தித்தாளுக்குள் அழுத்தி அனுப்பிய கிளையும் வந்து சேர்ந்தன. வாய்க்கால் கரைப் புதர் சுண்டைதானா, அதன் வேரில் கத்தரியை ஒட்டுக்கட்டலாமா என்று கேட்டிருந்தாய். சந்தேகமே வேண்டாம், சுண்டைதான். பூ வெள்ளை. கண்டங்கத்திரியும் தூதுவளையும் ஊதாவில் பூக்கும். அவற்றில் முன்னது தரையோடு கிடக்கும், பின்னது கொக்கி முள்ளால் வேலியைப் பற்றி ஏறும். சுண்டையோ பத்தடி வரை நிமிர்ந்து வளரும் புதர். இலையின் அடிப்புறத்தை லென்ஸ் வைத்துப் பார்: ஒவ்வொரு ரோமமும் நட்சத்திரம்போலக் கிளைத்திருக்கும். பூங்கொத்து இலைக்கக்கத்தில் வராமல், இரண்டு இலைகளுக்கு நடுவே தண்டின் பக்கவாட்டிலிருந்து கிளம்பும். முள் குறைவாக இருக்கிறதே என்று எழுதியிருந்தாய். கவலை வேண்டாம், முள்ளின் அளவு செடிக்குச் செடி வேறுபடும்.

நீ நம்பமாட்டாய், இது நம் மண்ணின் செடி இல்லை. மத்திய அமெரிக்காவும் கரீபியன் தீவுகளும்தான் அதன் தாயகம். 1788-இல் ஓலோஃப் ஸ்வார்ட்ஸ் என்ற ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் சொலானம் டார்வம் என்று பெயர் வைத்தார். 'டார்வம்' என்றால் லத்தீனில் கடுகடுப்பான தோற்றமுடையது. இன்று ஆப்பிரிக்கா, ஆசியா, ஆஸ்திரேலியா எங்கும் வெப்பமும் ஈரமும் உள்ள இடங்களில் சாலையோரம், தரிசு, தோட்டவேலி என்று நிற்கிறது. நாம் வற்றல் போடுகிறோம், தாய்லாந்தில் பச்சைக்கறிக் குழம்பில் முழுசாகப் போடுகிறார்கள். அமெரிக்காவோ கேடு விளைவிக்கும் களைச்செடிகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. ஜமைக்காவிலும் இதைச் சமைப்பார்கள். ஆனால் வழக்கத்தைவிடக் கசந்த காயைத் தின்று நாக்குக் குழறி, நடை தள்ளாடி ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் அங்கே உண்டு. வாயில் வைத்ததும் மிஞ்சிக் கசந்தால் துப்பிவிடுவதே நல்லது.

இப்படிப் பரவக் காரணம் பறவை. அரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலான ஒரு பழத்துக்குள் நூறு, இருநூறு தட்டை விதைகள். தின்ற பறவை எந்தக் கம்பியில் உட்கார்ந்து எச்சமிடுகிறதோ அதன் கீழே முளைக்கும். ஆனால் குழித்தட்டில் நீயே போட்டால் முளைக்காது! புது விதைக்கு உறக்கம் உண்டு. உன் முதல் தட்டு வெறுமையாய்ப் போனதற்கு அதுதான் காரணம், விதையின் மேல் குற்றமில்லை.

இப்படிச் செய். நன்றாக மஞ்சளான பழங்களைப் பிசைந்து ஒருநாள் புளிக்கவிட்டு, அலசி, நிழலில் உலர்த்து. விதையின் உறக்கத்தைக் கலைக்கும் ஜிப்ரலிக் அமிலத் தூள் 20 மில்லிகிராமைச் சில சொட்டு ஆல்கஹாலில் கரைத்து 100 மில்லி தண்ணீரில் கலந்தால் 200 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 200 பங்கு. அதில் விதையை ஒருநாள் ஊறவை. நேரே தண்ணீரில் கொட்டினால் தூள் சரியாகக் கரையாது. விதையை ஆழப் புதைக்காமல் தென்னைநார்க் கழிவின் மேல் தூவி மெல்லிசாக மூடு, அதற்கு வெளிச்சம் வேண்டும். பகலில் சூடும் இரவில் குளிர்ச்சியுமாக மாறினால் இன்னும் நன்றாக வரும்.

ஒட்டுக்கட்டுவதற்கு முன் ஒரு சோதனை. வாடிய கத்தரியின் அடித்தண்டை நறுக்கி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் அசையாமல் பிடி. சில நிமிஷத்தில் வெட்டுவாயிலிருந்து பால்போல் வெண்ணிழை இறங்கினால் பாக்டீரியா வாடல், அதற்குச் சுண்டை வேர் கைகொடுக்கும். வேர்முடிச்சு நூற்புழுவையும் நன்றாகத் தாங்கும். தண்டுத்துளைப்பானுக்கும் சிற்றிலை நோய்க்கும் வேரை மாற்றிப் பயனில்லை. வாடலே இல்லாத வயலில் ஒட்டுநாற்று நட்டால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்தான்.

சுண்டை நாற்று மந்தம். அதை விதைத்து மூன்று நான்கு வாரம் கழித்துத்தான் கத்தரியை விதைக்கவேண்டும். ஒரே நாளில் போட்டால் கத்தரித்தண்டு பெருத்துவிடும், இரண்டும் பொருந்தாது. இரண்டும் 2, 3 மில்லிமீட்டர் கனம் வந்ததும் சுண்டையைத் தரைக்கு இரண்டு அங்குல உயரத்தில் வெட்டி, நடுவில் ஒரு சென்டிமீட்டர் பிள. கத்தரி நுனியை ஆப்புபோல இருபுறமும் சீவிச் செருகிக் கிளிப் போடு. கனம் சற்றே வேறுபட்டால் ஒரு பக்கத்துத் தோலாவது தோலோடு சேரும்படி ஒதுக்கிவை. பிறகு ஒரு வாரம் நிழலான பிளாஸ்டிக் கூடாரத்தில் 90 சதவீத ஈரப்பதத்தில் இருக்கட்டும். முதல் இரண்டு மூன்று நாள் திறந்து பார்க்கிற ஆசையில்தான் பாதி நாற்று சாகிறது. அடுத்த வாரம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து வெயில் பழக்கு.

நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேலேயே நிற்கவேண்டும். மண் அணைத்துப் புதைத்துவிட்டால் கத்தரியே வேர்விட்டு, அந்த வேர் வழியாக வாடல் ஏறிவிடும். ஒட்டுக்குக் கீழே சுண்டைத் துளிர் வரும், வாரம் ஒருமுறை கிள்ளிவிடு. விட்டால் அது கத்தரியை அமுக்கிவிடும்.

வாய்க்கால் கரைப் புதரில் ஒரு கொத்துக்கு இப்போதே வலைப்பை கட்டிவை. மஞ்சளாகும்வரை காத்திருந்தால் பறவை முந்திக்கொள்ளும்.

அன்புடன்,
சேகர்