பிகெமோத் டைனோசரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

விவிலியத்தின் யோபு நூல் 40ஆம் அதிகாரத்தில் வரும் பிகெமோத் என்ற பெருவிலங்கு டைனோசரே என்று கடந்த ஞாயிறு இதழில் வந்த கட்டுரையுடன் எனக்கு உடன்பாடில்லை. டைனோசர்கள் ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்தவை. அந்த அதிகாரம் சொல்வதுபோல், மாட்டைப்போல் புல் தின்று, நாணலுக்குள் படுத்து, ஆற்று வெள்ளத்துக்கு அஞ்சாத விலங்கு என்றால் நீர்யானைதான் நினைவுக்கு வருகிறது. சரி, அதன் வால் கேதுரு என்ற பெருமரம் போன்றது என்றும் அங்கே வருகிறதே? யோபு பெரும்பாலும் கவிதை நூல். அதைக் கவிதையாகவே படிக்கலாம்.

எங்கள் தோட்டத்து ஞாயிறு பள்ளியில் ஒரு சிறுமி இதையே கேட்டாள். இரத்தினபுரி மாணிக்கக் குழிகளில் நீர்யானை, காண்டாமிருகப் புதைபடிவங்கள் கிடைத்ததைச் சொன்னேன். அப்புறம் பிள்ளைகள் டைனோசர் பேச்சையே எடுக்கவில்லை. நம் மலையடிவாரத்தில் வாழ்ந்த பேருயிர்கள் அல்லவா! அவற்றைப் பற்றிச் சிறுவர் பக்கத்தில் படங்களுடன் ஒரு தொடர் வெளியிடுங்கள்.

- ஒரு வாசகர், ஹட்டன்