ஒரு லிட்டர் எஞ்சின் மலை ஏறுமா, மாமா?

அன்புள்ள மாமாவுக்கு,

ஹூண்டாய் ஷோரூமில் போய், வென்யூ டர்போ காரைப் பார்த்து, "998 சிசியா? இதில் குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் போக முடியுமா?" என்று விற்பனைப் பையனை மடக்கினீர்களாமே, அத்தை சொன்னார். உங்கள் காலத்தில் சிசிதான், அதாவது எஞ்சின் சிலிண்டர்களின் கொள்ளளவுதான், எல்லாம். கேட்கத்தானே செய்வீர்கள்?

உங்கள் அம்பாசடர் 1489 சிசி. குதிரைத்திறன் 50 சொச்சம்தான். பாதி மலையில் பெட்ரோலை எஞ்சினுக்கு ஏற்றும் பம்ப் சூடேறி, பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி, வண்டி படுத்துவிடும். பானெட்டைத் திறந்து பம்ப் மேல் ஈரத்துணியைப் போர்த்திவிட்டு, தள்ளிப்போய் நின்று பீடி பற்றவைப்பீர்கள். ஞாபகம் இருக்கிறதா?

அப்புறம் மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகி, பெட்ரோலைக் காற்றோடு கலந்துகொடுத்த கார்புரேட்டர் விடைபெற்றது. சென்சார் பார்த்துச் சொல்ல, கணினி அளந்து பெட்ரோலைப் பீய்ச்சியது. 1998-ல் ஹூண்டாயின் இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலையிலிருந்து வந்த சான்ட்ரோ அந்த வகை: 999 சிசி, 55 குதிரை. அப்போதே அது அம்பாசடருக்குச் சமம். 2019-ல் அதே தொழிற்சாலை விட்ட வென்யூ டர்போ 998 சிசி, 120 குதிரை. ஒரு சிலிண்டர் வேறு குறைவு!

மந்திரம் ஒன்றுமில்லை மாமா. புகைக்குழாயில் வீணாய்ப் போகும் வாயு ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றுகிறது. அது காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது, அதுதான் டர்போ. காற்று கூடினால் கூடுதல் பெட்ரோலை எரிக்கலாம். சிசியைச் சுருக்கியதில் வரிக்கும் பங்குண்டு: நாலு மீட்டருக்குள், 1200 சிசிக்குள் இருந்தால் பெட்ரோல் காருக்கு வரி குறைவு.

மலைக்கு வேண்டியது இழுவை. வென்யூவுக்கு எஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றும்போதே முழு இழுவை, 172 நியூட்டன் மீட்டர், வந்துவிடுகிறது. அதற்குக் கீழே டர்போ தூங்கும். ஆகவே கொண்டை ஊசி வளைவில் பழைய பழக்கத்தில் இரண்டாவது கியரிலேயே முக்க வைக்காதீர்கள், கூச்சப்படாமல் முதலுக்கு இறக்குங்கள்.

ரிப்பேர் விஷயத்தில் மட்டும் நீங்கள் சொல்வதுதான் சரி. இதை ஸ்பேனரும் ஈரத்துணியும் வைத்து ரோட்டோரம் சரிசெய்ய முடியாது. எஞ்சின் விளக்கு எரிந்தால் லேப்டாப்போடுதான் ஆள் வர வேண்டும். எனக்கும் அது பிடிக்கவில்லை.

வாங்கினால் ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள், டர்போ அதை நம்பித்தான் சுற்றுகிறது. மேலே ஏறி நிறுத்தியதும் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டுவிட்டு அணையுங்கள். டெஸ்ட் டிரைவுக்கு ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்