நடந்ததா, நடக்க இருந்ததா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாளிதழ்களில் வரும் வெளிநாட்டுச் செய்திகளில் பெரும்பகுதி ஆங்கிலச் செய்தி முகமைகளிடமிருந்து வாங்கித் தமிழாக்கப்படுவது. அந்த வேலையில் நேரும் மற்ற பிழைகள் நடையைக் கெடுக்கும். ஒரு வகைப் பிழை மட்டும் செய்தியையே தலைகீழாக்கிவிடும்: ஒன்று நடக்கும் தறுவாய் வரை வந்து நடக்காமல் போயிருக்கும், தமிழில் அது நடந்துவிட்டதாக அச்சேறும். அதைப் பற்றியே இக்கடிதம்.

காரணம் இலக்கணத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஆல்மோஸ்ட்', 'நியர்லி' என்ற சொற்கள் முழு இறந்தகால வினைக்கு முன்னால் வரும். 'நியர்லி டிரௌண்ட்' என்பதில் வினை 'டிரௌண்ட்' என்று மூழ்கியதாகவே நிற்கும். முன்னால் உள்ள சிறு சொல்தான் அதை மறுக்கிறது. தமிழில் அந்த வேலையை வினையே செய்துவிடுகிறது: மூழ்கப் பார்த்தான், மூழ்க இருந்தான். 'கிட்டத்தட்ட மூழ்கினான்' என்று எழுதினால் வாசகர் மனத்தில் மூழ்கினான் என்பதே பதிகிறது.

அதிகம் வழுக்குவது 'ஆல் பட்'. அடுத்து எண்ணோ பெயரோ வந்தால் 'தவிர எல்லாம்' என்று பொருள்: 'ஆல் பட் த்ரீ' என்றால் மூன்றைத் தவிர மற்றவை அனைத்தும். அடுத்து வினை வந்தால் பொருளே வேறு. பேச்சுவார்த்தை 'ஆல் பட் கொலாப்ஸ்ட்' என்றால் முறியும் நிலைக்கு வந்துவிட்டது, ஆனால் இன்னும் முறியவில்லை.

'ஷார்ட்' என்ற சொல்லைச் சுற்றி ஒரு குடும்பமே இருக்கிறது. 'ஃபெல் ஷார்ட் ஆஃப்' என்றால் முயன்றும் எட்டவில்லை. 'ஸ்டாப்ட் ஷார்ட் ஆஃப்' என்றால் எட்ட முடிந்தும் வேண்டுமென்றே அதற்கு முன்னால் நின்றுகொண்டார். தூதரகச் செய்திகளில் இரண்டாவதுதான் அடிக்கடி வரும். ஒரு வெளியுறவு அமைச்சர் அண்டை நாட்டைக் கடுமையாகக் கண்டித்து, தடை விதிக்கக் கோருவதற்கு 'ஸ்டாப்ட் ஷார்ட்' என்று செய்தி வந்தால், அவர் தடை கோரவில்லை என்பதே செய்தியின் உயிர். 'தடை கோருவதை நிறுத்தினார்' என்று எழுதினால், முன்பு கோரிவந்தவர் இப்போது கைவிட்டதாக ஆகிறது. 'கடுமையாகக் கண்டித்தார், ஆனால் தடை விதிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை' என்பதே சரி. 'ரன் ஷார்ட் ஆஃப்' என்பது வெறும் பற்றாக்குறை. 'லிட்டில் ஷார்ட் ஆஃப்' என்றால் ஏதோ கொஞ்சம்தான் குறை. 'நத்திங் ஷார்ட் ஆஃப்' என்றாலோ குறையே இல்லை, அதுவேதான்.

'நேரோலி' என்ற சொல் இடைவெளி சிறிது என்று மட்டுமே சொல்லும். நடந்ததா இல்லையா என்பதைப் பின்னால் வரும் வினையில்தான் பார்க்க வேண்டும். 'நேரோலி வன்' என்றால் வென்றார். 'நேரோலி மிஸ்ட்' என்றால் கோட்டைவிட்டார். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா 55.42 நொடியில் ஓடினார். வெண்கலம் வாங்கிய ருமேனிய வீராங்கனைக்கு 55.41. இதை ஆங்கிலத்தில் பதக்கத்திலிருந்து நொடியின் நூறில் ஒரு பங்குக்கு 'வித்தின்' வந்தார் என்பார்கள். இந்த 'வித்தின்' கால வரம்பைக் குறிப்பதில்லை. 'நூறில் ஒரு நொடிக்குள் பதக்கம்' என்று தமிழாக்கினால் வாங்காத பதக்கத்தை வாங்கிக் கொடுத்ததாகிவிடும்.

விபத்துச் செய்திகளில் பிழை இன்னும் கொடியது. அங்கே படிப்பவர்கள் உறவினர்களாகவும் இருக்கலாம். 'நியர் ஃபேட்டல்' தாக்குதல் என்றால் அடிபட்டவர் பிழைத்திருக்கிறார். 'லெஃப்ட் ஃபார் டெட்' என்றால் செத்துவிட்டார் என்று எண்ணி விட்டுப்போனார்கள் என்பதுதான். பெரும்பாலும் உயிர் பிழைத்தவரைப் பற்றியே அப்படி எழுதுவார்கள். 'மே ஹேவ் டைட்' என்றால் இறந்தாரா என்று தெரியவில்லை. 'குட் ஹேவ் டைட்' பெரும்பாலும் சாவின் விளிம்பைத் தொட்டு மீண்டவருக்கு வரும். 'மைட் ஹேவ்' இரண்டுக்கும் வருவதால் முன்பின் வரிகளைப் படித்தே முடிவுசெய்ய வேண்டும். நம் 'இறந்திருக்கலாம்' என்ற சொல்லும் இரண்டு பக்கமும் சாய்வது. ஆகவே அதைத் தவிர்த்து, முதலாவதற்கு 'இறந்திருக்கக்கூடும் என அஞ்சப்படுகிறது' என்றும், பிழைத்தவருக்கு 'சற்றுத் தாமதித்திருந்தாலும் உயிர் போயிருக்கும்' என்றும் பிரித்து எழுதலாம்.

விமானச் செய்திகளில் வரும் 'நியர் மிஸ்' என்பதற்கு, இரண்டு விமானங்கள் மோதாமல், விதித்த இடைவெளியை மீறி நெருங்கின என்று பொருள். ரேடார் கண்காணிப்பில் உள்ள வான்வழியில் அந்த இடைவெளி வழக்கமாகப் பக்கவாட்டில் 5 கடல் மைல் அல்லது மேல்கீழாக 1,000 அடி. ஆகவே எல்லா 'நியர் மிஸ்'ஸும் மயிரிழையில் தப்பியது ஆகாது. எவ்வளவு தூரம் என்று முகமைச் செய்தியில் இருந்தால் அதையே போடுவது நேர்மை.

பயணச் செய்திகளில் ஒரு நுட்பம் உண்டு. 'வாஸ் டு விசிட்' என்றால் வருவதாக இருந்தது. வந்தாரா என்பதை அந்தத் தொடர் சொல்வதில்லை. 'வாஸ் டு ஹேவ் விசிட்டட்' என்றால் வரவில்லை.

மொழிபெயர்ப்பு மேசைக்கு ஒரு வேண்டுகோள். இத்தகைய தொடர் வந்தால், முதலில் 'நடந்ததா?' என்ற கேள்விக்கு ஆம், இல்லை, தெரியவில்லை என்று ஓரத்தில் குறித்துக்கொண்டு அதன் பிறகு வாக்கியத்தை அமைக்கலாம். பதில் 'இல்லை' என்றால் தமிழ் வாக்கியத்தில் ஓர் எதிர்மறை வினை வெளிப்படையாக இருக்கட்டும். தலைப்பில் இடமில்லை என்று முதலில் வெட்டப்படுவது 'நியர்லி' போன்ற சொல்தான் என்பதால், தலைப்பு எழுதுபவரும் அந்தக் குறிப்பைப் பார்க்க வேண்டும்.

எண்களுக்கும் இதே கவனம் தேவை. 'நியர்லி 300' என்றால் 300-ஐத் தொடவில்லை. 'சுமார்' என்றோ 'ஏறக்குறைய' என்றோ எழுதினால் மேலே போயிருக்கவும் இடம் கொடுக்கிறோம். ஏறவும் குறையவும் அந்தச் சொல்லிலேயே இருக்கின்றன. '300-ஐ நெருங்கியது', '300-க்குச் சற்றுக் குறைவு' என்பவை பொருந்தும். 1948 ஆகஸ்டில் ஓவல் மைதானத்தில் தம் கடைசி டெஸ்ட் ஆட்டத்தில் ரன் எடுக்காமல் ஆட்டமிழந்த ஆஸ்திரேலிய கிரிக்கெட் வீரர் பிராட்மனின் டெஸ்ட் சராசரி 99.94-ல் நின்றது, இன்னும் 4 ரன் எடுத்திருந்தால் 100. அதைச் 'சராசரி சுமார் 100' என்று அச்சிட்டால் அந்த 4 ரன் காணாமல் போய்விடுகிறது.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி