இன்வெர்ட்டர் மேல் வைத்த மாவு

சஸ்காட்சுவான், கனடா
ஜனவரி 18

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவும் அப்பத்தாவும் தம்பியும் நலம்தானே? போன வாரம் போனில் ஒன்று கேட்டீர்கள். கருவாட்டுக் கொட்டகையில் தம்பி மாட்டிய இன்வெர்ட்டர் அடுப்பு மாதிரி கொதிக்கிறதே, அந்தச் சூட்டை வீணாக விடாமல் கருவாடு காயவைக்க முடியாதா என்று. லைன் விட்டு விட்டுக் கேட்டதால் பாதிதான் பேச முடிந்தது. அதனால் எழுதுகிறேன். தம்பியை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள், அவனுக்கும் சேர்த்துத்தான்.

இந்த ஊரில் வெயில் உண்டு, சூடு கிடையாது. தங்கச்சிமடத்தில் பிறந்தவனுக்கு இது மண்டையில் ஏறவே ஒரு மாதம் ஆனது. வெளியே பனியில் கண் கூசும். தெர்மாமீட்டரைப் பார்த்தால் மைனஸ் 28. நான் இருக்கும் பண்ணைக்குக் கரண்ட் கம்பி வரவில்லை. சோலார், பேட்டரி, இன்வெர்ட்டர், அவ்வளவுதான். பேனலுக்குக் குளிர் நல்லது, நம் ஊர்ச் சூட்டில் கொடுப்பதை விடக் கூடவே கொடுக்கும். பேட்டரிக்குத்தான் ஆகாது. லித்தியம் பேட்டரியைப் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்துவிடும். அப்புறம் அந்த செல் போனது போனதுதான்.

பண்ணைக்காரப் பெரியவர் அதற்கு ஒரு வேலை செய்து வைத்திருக்கிறார். வாசலை ஒட்டிய சின்ன அறையில் இன்வெர்ட்டர். அதன் விசிறி தள்ளும் வெதுவெதுப்பான காற்றை ஒரு தகரக் குழாயில் பிடித்து, தெர்மாகோல் வைத்து அடைத்த பேட்டரிப் பெட்டிக்குள் விடுகிறார். பெட்டி 20 டிகிரியைத் தொட்டதும் ஒரு மூடி தானாகத் திரும்பிக்கொள்ளும். அதற்கு மேல் வருகிற காற்று எங்கள் பூட்ஸையும் கையுறையையும் காயவைக்கப் போய்விடும். கோடையில் குழாயைச் சுவர் ஓட்டை வழியாக வெளியே திருப்பிவிடுவார். வீட்டைச் சூடாக்க விறகு அடுப்பு தனி. இன்வெர்ட்டர் சூடு வீட்டுக் குளிருக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி. நன்றாக அடைத்த சின்னப் பெட்டிக்கு மட்டும் அது போதும்.

அந்தச் சூட்டைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது தோசை மாவு. இங்கே மூன்று நாள் வைத்தாலும் மாவு புளிக்காது, சுண்ணாம்புக் கரைசல் மாதிரி கிடக்கும். ஒரு ராத்திரி பாத்திரத்தை இன்வெர்ட்டர் தலையிலேயே வைத்துவிட்டுப் படுத்தேன். காற்று வெளியேறும் துளைகள் மேலேதான் இருக்கின்றன, நான் கவனிக்கவில்லை. விடியற்காலை நாலு மணிக்கு வீடே இருட்டு. சூடு தாங்காமல் இன்வெர்ட்டர் தானே நின்றுவிட்டது. பெரியவர் டார்ச்சோடு வந்தார். மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி, இன்வெர்ட்டரின் ஓரம் வரை வழிந்து, இன்னும் ஒரு விரல் நகர்ந்தால் உள்ளே இறங்கிவிடும் நிலையில் நின்றது. டார்ச்சை அடித்து நாலைந்து குமிழி உடைவதைப் பார்த்தவர், "இதற்கு உயிர் இருக்கிறதா?" என்று கேட்டார். திட்டவில்லை. மறுநாள் ஓரடி உயரத்தில் ஒரு பலகை அடித்துக் கொடுத்தார். இப்போது மாவு அங்கேதான் புளிக்கிறது. அம்மா கொடுத்துவிட்ட தேங்காயெண்ணெயும் அங்கே இருந்தால்தான் உருகுகிறது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். டிப்ளமோவில் படித்ததை வைத்துக் கணக்குப் போட்டேன். நம் இன்வெர்ட்டர் சும்மா ஆனில் இருந்தாலே 50, 60 வாட் தின்னும். இரண்டு ப்ரீசர், விசிறி, பல்பு ஓடும்போது சேருவதையும் கூட்டிச் சராசரி 100 வாட் சூடு என்று வையுங்கள். நாள் முழுக்க 2.4 யூனிட். பத்துக் கிலோ நெத்திலி காய ஆறு கிலோ தண்ணீராவது போக வேண்டும். அதற்குக் குறைந்தது 4 யூனிட், கசிவெல்லாம் சேர்த்தால் அதுபோல் இரண்டு மடங்கு. உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் 1000 வாட் விழுகிறது. இன்வெர்ட்டர் ஒரு நாளெல்லாம் கக்குகிற சூட்டை நீங்கள் விரிக்கிற பாய் ஒரு மணி நேரத்தில் வாங்கிவிடும். ஆகவே காயவைக்க அது உதவாது அப்பா.

ஆனால் ராத்திரிக்கு உதவும். பகலெல்லாம் காய்ந்த கருவாடு கடல் காற்றில் மறுபடி நமத்துப்போகிறது என்று அம்மா புலம்புவாளே. 27 டிகிரியில் 85 சதவீத ஈரத்தோடு இருக்கும் காற்றைப் பத்து டிகிரி ஏற்றினால் அதன் ஈரப்பதம் 50க்குக் கீழே இறங்கிவிடும். மரப்பெட்டி ஒன்று செய்து, காய்ந்த கருவாட்டைத் தட்டுகளில் அடுக்கி, இன்வெர்ட்டர் காற்றை அடியில் விட்டு மேலே வெளியேற்றினால் போதும். ப்ரீசர் ராத்திரியும் ஓடுவதால் சூடு நிற்காது.

தம்பி கவனிக்க வேண்டியது: காற்று இன்வெர்ட்டரிலிருந்து கருவாட்டுக்குப் போகலாம், கருவாட்டிலிருந்து இன்வெர்ட்டருக்கு ஒருநாளும் வரக் கூடாது. பாம்பன் பாலத்தையே அரிக்கிற காற்று அது, உள்ளே இருக்கும் போர்டு எம்மாத்திரம்? குழாய் விசிறியை விடச் சின்னதாக இருக்கக் கூடாது, அடைத்தால் என் மாவுக் கதைதான். முதலில் ஹீட்சிங்க், அதாவது சூட்டை வெளியே விடும் உலோகத் தகடுகள், அதன் இடுக்கில் இருக்கும் செதிலையும் தூசியையும் கரண்ட்டை அணைத்துவிட்டு பிரஷ் போட்டு எடுக்கச் சொல்லுங்கள். அது கொதிப்பதற்குப் பாதிக் காரணம் அதுவாகத்தான் இருக்கும். சூடு பத்து டிகிரி குறைந்தால் உள்ளே மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர் ஏறக்குறைய இரண்டு மடங்கு காலம் உழைக்கும்.

கமுதியில் 2016ல் 648 மெகாவாட் சோலார் வந்தபோது நாம் பஸ் பிடித்துப் போய் வேலிக்கு வெளியே நின்று பார்த்தோமே. அங்கே இன்வெர்ட்டர்கள் முழு வேகத்தில் ஓடும்போது நூற்றுக்கு இரண்டு பங்கு சூடாகப் போனாலும் 13 மெகாவாட். அத்தனையும் கமுதி வெயிலோடு வெயிலாகக் கலந்துவிடுகிறது. இங்கே பெரியவரிடம் சொன்னால் குழாய் வாங்கக் கிளம்பிவிடுவார்.

பெட்டி செய்தால் அளவு எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அப்பத்தாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று நீங்கள் சொல்லவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பெரியவர் தோசைக்கு வருகிறார், மாவு பலகையில் ஏறிவிட்டது.

அன்புடன்,
உங்கள் மகன்