வாளை வீட்டில் வைத்துவிட்டு வந்தவருக்கு

கியூபெக் செமினரி (பாதிரியார் பயிற்சிக் கல்லூரி), ஜனவரி 1776

கோட்டைப் பணிகளின் மேற்பார்வையாளர் ஜேம்ஸ் தாம்சன் அவர்களுக்கும், எங்கள் துக்கத்தை மதித்த இந்த ஊர் மக்களுக்கும்,

பிரிட்டிஷார் கையிலிருக்கும் இந்த ஊரைப் பிடிக்க எங்கள் அமெரிக்கப் படை டிசம்பர் 31 விடியலில் அந்தப் பனிப்புயலுக்குள் தாக்கியதும், தோற்றதும் உங்கள் எல்லோருக்கும் தெரியும். எங்கள் தளபதி ஜெனரல் ரிச்சர்ட் மான்ட்கோமரி போரில் இறந்துவிட்டார். நாங்கள் உங்கள் கையில் கைதிகளாக இருக்கிறோம். பிடித்து வைத்திருப்பவர்களுக்கே நன்றி மடல் எழுதுவதா என்று எங்கள் பக்கத்தில் சிலர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும், எழுதாமல் என்னால் இருக்க முடியவில்லை.

பனிக்கு அடியில் விறைத்துக் கிடந்தவரை எடுத்து, முறையாக அடக்கம் செய்ய இசைந்த ஆளுநர் கார்ல்டன் அவர்களுக்கு நன்றி. துணை ஆளுநர் கிராமஹே அவர்களுக்கும், ஜெபம் வாசித்த படைப் பாதிரியாருக்கும் நன்றி. எங்கள் துணிமணிகளை எடுத்துவர, கைதிகளில் ஒருவரான எங்கள் மேஜர் மெய்க்ஸை வெளியே அனுப்பினீர்கள். வணிகர்கள் எங்கள் வீரர்களுக்குப் புத்தாண்டுக்கென்று ஒரு பெரிய பீப்பாய் பியரும் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொடுத்தனுப்பினார்கள். மதிலுக்கு வெளியே பொது மருத்துவமனையில் காயம்பட்ட எங்கள் ஆட்களுக்குக் கட்டுப்போடும் கன்னியாஸ்திரீகளையும் மறக்கவில்லை.

தாம்சன் அவர்களே, உங்களுக்குத்தான் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல்முறை நீங்கள் எங்கள் அறைக்கு வந்தபோது இடுப்பில் ஒரு குட்டை வாள் இருந்தது. பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, அது எங்கள் ஜெனரலுடையது என்று. யாரும் பேசவில்லை. மூலையில் இருந்தவர் ஒருவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு ஒருவர் பின் ஒருவராக அழத் தொடங்கினோம். மெய்ன் காடுகளில் நாய்க்கறி தின்றும், காலணித் தோலை வேகவைத்துத் தின்றும் உயிர் பிழைத்து வந்த ஆட்கள், ஒரு வாளைப் பார்த்துத் தேம்பினோம். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. வந்த வேலையை முடித்துக்கொண்டு போனீர்கள்.

அடுத்த முறை வந்தபோது உங்கள் இடுப்பில் வாள் இல்லை. அதற்கடுத்த முறையும் இல்லை.

போரில் கிடைத்த பொருளைக் கட்டிக்கொண்டு நடப்பது உங்கள் உரிமை. மேளக்காரப் பையன் ஒருவன் எடுத்த அதைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டீர்கள் என்று காவலர் சொன்னார். எங்களுக்காக அதை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லி யாரும் உங்களுக்கு உத்தரவிடவில்லை. கைதிகள் அழுதால் யாருக்கு என்ன நட்டம்? ஆனாலும் வைத்துவிட்டு வந்தீர்கள்.

ஜெனரல் எங்களுக்கு யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மெய்ன் காடுகளின் கென்னபெக் ஆற்று வழியாக வந்து சேர்ந்தபோது எங்கள் உடம்பில் கந்தல்தான் மிச்சம். டிசம்பர் தொடக்கத்தில் மான்ட்கோமரி வந்தார். மான்ட்ரியாலில் பிடித்த குளிர்கால உடுப்புகளை எங்களுக்குக் கொடுத்தார். இதை எழுதும்போதும் நான் போட்டிருப்பது அந்தக் கோட்டுதான். முழங்கைப் பக்கம் கிழிந்திருக்கிறது. கழற்ற மனம் வரவில்லை.

1759-இல் நீங்கள் பிரிட்டிஷ் ஜெனரல் வுல்ஃபின் படையில், இதே ஊரைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடிக்கப் போரிட்டவர். அதே ஆண்டில் எங்கள் ஜெனரலும் அதே அரசரின் சீருடையில் சாம்ப்ளேன் ஏரிப் பக்கம் இருந்தார். பதினாறு ஆண்டுகளில் உங்களை மதிலுக்கு உள்ளேயும் அவரை வெளியேயும் நிறுத்திவிட்டது காலம். இரவில் தூக்கம் வராதபோது இதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

உயிரோடு ஊர் திரும்பினால் ஹட்சன் ஆற்றங்கரைக்குப் போய் ஜெனரலின் மனைவி ஜேனட் அம்மையாரைப் பார்ப்பேன். திருமணமாகி மூன்று ஆண்டுகூட நிறையவில்லை அவருக்கு. சவப்பெட்டிக்கு உள்ளே மென்கம்பளி விரித்திருந்தார்கள், மேலே கறுப்புத் துணி போர்த்தியிருந்தார்கள், சென்ட் லூயி வாசல் அருகில் வைத்திருக்கிறார்கள் என்று இடம் முதற்கொண்டு சொல்வேன். உங்கள் பெயரையும் சொல்வேன். நாளை உங்கள் பக்கத்து அதிகாரி ஒருவர் எங்கள் கையில் விழுந்து, அவருடைய ஆட்கள் எங்களிடம் கைதியாக இருந்தால், நீங்கள் எங்களிடம் நடந்துகொண்டதுபோல நானும் நடந்துகொள்வேன். இது சத்தியம்.

ஒரு வேண்டுகோள். அந்த வாள் உங்களிடமே இருக்கட்டும். யார் விலை பேசினாலும் கொடுத்துவிடாதீர்கள். என்றைக்காவது அம்மையார் பிறந்த லிவிங்ஸ்டன் குடும்பத்திலிருந்து யாராவது தேடி வந்தால், அவர்களிடம் மட்டும் கொடுங்கள்.

கண்ணீரோடும் நன்றியோடும்,
செமினரியில் சிறையிருக்கும் அதிகாரிகளில் ஒருவன்